மெழுகுப் பதம்

வசந்தம் என்றால் பூ பூக்கும், குயில் கூவும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். எங்கள் ஊரில் குயில் கூவினால் அண்ணாந்து பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? தை பாதியிலிருந்து எல்லாருடைய கண்ணும் தரையில்தான் இருக்கும். சம்பா நெல் முற்றித் தலை சாய்ந்து நிற்கும். அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், அந்த நெல் நிற்கும்போதே அதன் காலடியில் உளுந்தைத் தெளித்துவிட வேண்டும். அதற்காக உழுவதில்லை, பாத்தி கட்டுவதில்லை, பிறகு தண்ணீர் பாய்ச்சுவதும் இல்லை. நெல்லுக்கு விட்டதில் மண்ணில் மிச்சம் இருக்கும் ஈரமும் விடியற்காலைப் பனியும்தான் உளுந்துக்குச் சாப்பாடு. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். தரையைத் துளைக்கிற அந்தப் பனியை நம்பித்தான் மாயவரத்துப் பக்கம் குத்தாலத்தைச் சுற்றியிருக்கிற நாங்கள் வருஷா வருஷம் விதையை வீசுகிறோம்.

கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கும். மண் சேறாக இருக்கும்போது தெளித்தால் விதை முங்கி அழுகிவிடும். காய்ந்த பிறகு தெளித்தால் முளைக்காது, புறாவும் எறும்பும் தூக்கிக்கொண்டு போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது. மெழுகுப் பதம் என்போம். கால் வைத்தால் தடம் பதிய வேண்டும், ஆனால் காலை எடுத்த பிறகு அந்தத் தடத்தில் தண்ணீர் ஊறக் கூடாது. ஒரு வயலில் அந்தப் பதம் ஒரு நாள் நிற்கும், மிஞ்சினால் இரண்டு நாள். அதைத் தவற விட்டால் அந்த வருஷத்து உளுந்து அவ்வளவுதான்.

எங்கள் தெருவுக்கே அந்தப் பதத்தைச் சொன்னது என் வீட்டுக்காரருடைய வலது கால். சிரிக்காதீர்கள், உண்மை அதுதான். தை பிறந்துவிட்டால் போதும், வாசலில் ஆள் வந்து நிற்பார்கள். "அண்ணே, வந்து ஒரு மிதி மிதிச்சுட்டுப் போங்க" என்பார்கள். இவரும் சாப்பிட்ட கையைக் கழுவினதும் கழுவாததுமாகக் கிளம்பிவிடுவார். வரப்பில் செருப்பைக் கழற்றிப் போட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, நெல்லை விலக்கிக்கொண்டு நடுவயலுக்குப் போவார். அங்கே வலது குதிகாலில் முழு பாரத்தையும் வைத்துக் கண்ணை மூடி நிற்பார். கோயிலில் சாமி முன்னால்கூட அந்த மனுஷர் அவ்வளவு பக்தியோடு கண்ணை மூடி நான் பார்த்ததில்லை. பிறகு ஒரே வார்த்தை. "பதம்" என்பார், அல்லது "பொறு" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

"ஏங்க, ஒரு பிடி மண்ணைக் கையில எடுத்துப் பாத்தாத் தெரியாதா? இதுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று கேட்டிருக்கிறேன்.

"கை மேல்மண்ணைத்தான் சொல்லும். அடியில என்ன இருக்குன்னு ஆளோட பாரம் இறங்கினாத்தான் தெரியும்" என்பார்.

"அப்ப உங்க காலுக்கு ஒரு தங்கக் காப்பு செஞ்சு போட்டுடலாம்."

"போடேன்" என்பார், கொஞ்சமும் வெட்கப்படாமல்.

கிண்டல் செய்தேனே தவிர, எனக்குத் தெரியும். அவர் அதிகம் படித்தவர் இல்லை. நாலு பேர் கூடின இடத்தில் எழுந்து பேச வராது. கோயில் திருவிழாவில் முதல் மரியாதை வாங்குகிற குடும்பமும் இல்லை. ஊரில் அவருக்கு இருந்த மதிப்பு எல்லாம் அந்தக் காலில்தான் இருந்தது. வருஷத்தில் ஒரு பத்துப் பதினைந்து நாள், அவர் வாயிலிருந்து வருகிற ஒரு வார்த்தைக்காகத் தெருவே காத்திருக்கும். மற்ற நாளெல்லாம் அந்தப் பத்து நாளை நினைத்துக்கொண்டே ஓட்டிவிடுவார்.

சர்க்கரை அவருக்கு ரொம்ப வருஷமாக உண்டு. மாத்திரை போடுவார், அல்வாவும் சாப்பிடுவார். ஒரு சித்திரை வெயிலில் கடைத்தெருவிலிருந்து திரும்பி வந்தவரைப் பார்க்கிறேன், ஒரு காலில்தான் செருப்பு இருக்கிறது. தார் ரோடு கொதித்துக்கொண்டிருந்த நேரம். "இன்னொரு செருப்பு எங்கங்க?" என்றேன். குனிந்து பார்த்தார். அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. "எங்கயோ கழண்டுட்டுது போல இருக்கு" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மறுநாளே சண்டை போட்டு மாயவரத்து டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

டாக்டர் இவரைக் கட்டிலில் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். கையில் நரம்பு மாதிரி ஒரு மெல்லிய குச்சி. "உங்க கால்ல நான் தொடும்போது தெரியுதான்னு சொல்லுங்க" என்றார். பெருவிரலில் தொட்டார். "தெரியுதா?" என்று கேட்டார். "தெரியுது" என்றார் இவர். நடுப்பாதத்தில் தொட்டார். "தெரியுது." பிறகு டாக்டர் கையை எடுத்துவிட்டுச் சும்மா நின்றார். எதையும் தொடவில்லை. "தெரியுதா?" என்றார். "நல்லாத் தெரியுது சார்" என்றார் இவர், கண்ணை இறுக மூடிக்கொண்டு. டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். "இனிமே செருப்பு இல்லாம வீட்டுக்குள்ளகூட நடக்கக் கூடாது, வயலுக்கு வெறுங்காலோட போகவே கூடாது" என்று சொல்லி அனுப்பினார். பஸ்ஸில் வரும்போது இவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

சிங்கப்பூரில் இருக்கிற மகன் விஷயம் கேட்டு முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி அனுப்பினான். "ஏம்மா, உளுந்துதானே? கடையில ஒரு பாக்கெட் வாங்கினா ஆச்சு. அதுக்கு ஏன் அப்பா சேத்துல இறங்கணும்?" என்று போனில் கேட்டான். அடப்பாவி மகனே, உன் அப்பா சேற்றில் இறங்குவது உளுந்துக்காகவா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

போன வருஷம் தை ரொம்ப மோசம். பொங்கல் முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. தை மழை நெய் மழை என்று எந்த மகராசன் சொன்னானோ, அவனுக்கு மேட்டு நிலம் இருந்திருக்கும். எங்கள் பள்ளக்காலில் அது கண்ணீர்தான். விட்டு விட்டுத் தூறிக்கொண்டே இருந்தது. நெல் பழுத்து நிற்கிறது, அடியில் மண் இறுகவே இல்லை. வடிகாலை வெட்டிவிட்டு வெட்டிவிட்டு எனக்குக் கையெல்லாம் கொப்பளம். காலையில் எழுந்தால் வெயில் இல்லை, சாயங்காலம் நிலா இல்லை. ஊரே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தது. அறுப்பு மெஷின் ஏஜென்ட் வேறு போன் செய்தார். "அக்கா, மெஷின் அடுத்த வாரம் உங்க பக்கம் வருது. அப்ப விட்டீங்கன்னா மாசிக் கடைசிதான், சொல்லிட்டேன்" என்றார். மெஷின் இறங்குவதற்குள் உளுந்து மண்ணில் விழுந்திருக்க வேண்டும்.

பக்கத்து வயலைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிற தம்பி ஒருவர் உண்டு. சொந்தம் இல்லை, ஆனாலும் இவரை அண்ணே என்றும் என்னை அண்ணி என்றும்தான் கூப்பிடுவார். விளைகிற நெல் குத்தகைக்கும் உரத்துக்கும் போய்விடும். உளுந்துதான் அவர் வீட்டுக்குள் வருகிற விளைச்சல். அவர் காலையிலேயே விதை வாளியும் கையுமாக வந்து நின்றார்.

"அண்ணே, நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போவுது. வந்து ஒரு மிதி மிதிச்சு சொல்லிடுங்க."

நான் பூட்ஸை எடுத்து வைத்தேன். இவரும் சமர்த்தாகப் போட்டுக்கொண்டு வந்தார். வரப்பில் ஏறினதும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார். "ஏங்க, டாக்டர் என்ன சொன்னார்?" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. "இதைப் போட்டுக்கிட்டு மண்ணுகிட்டப் பேச முடியுமா? வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அந்தத் தம்பியின் வயல் நடுவில் நின்றார். கண்ணை மூடினார். வழக்கத்தைவிட ரொம்ப நேரம் நின்றார். வலது காலை எடுத்து இடது காலை ஊன்றினார். மறுபடி வலது. எனக்கு அந்த டாக்டர் அறை ஞாபகம் வந்தது. நெற்கதிருக்கு மேலே அவர் இடுப்புக்கு மேல்தான் தெரிந்தது. கண்ணை எவ்வளவு இறுக்கமாக மூடியிருந்தார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

"பதம்தான்" என்றார். "இன்னைக்கே தெளிச்சிடலாம்."

நான் வரப்பிலிருந்து ஒரு காலை உள்ளே வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று சேறு விரலுக்கு நடுவில் பிதுங்கி வந்தது. காலை எடுத்தேன், தடம் நிறையத் தண்ணீர்.

"ஏங்க, தண்ணி ஊறுதுங்க."

"வரப்போரம் ஊறத்தான் செய்யும். நடுவுல நல்லா இருக்கு. உனக்கு என்ன தெரியும்?"

அந்தத் தம்பி சிரித்துவிட்டார். "நல்லா இருக்கு அண்ணி! அண்ணன் காலையே சந்தேகப்படுறீங்க. விட்டா மேட்டூர்ல அணையே இல்லைம்பீங்க போல இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வாளியை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினார்.

வீட்டுக்குத் திரும்பினோம். பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு இவர் முன்னால் போனார், நான் பின்னால். வரப்பில் இடைவெளி விட்டு இடைவெளி விட்டுச் சிவப்பாக இருந்தது. யாரோ வெற்றிலை போட்டுத் துப்பிக்கொண்டே போயிருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால், அவருடைய வலது கால் விழுகிற இடத்திலெல்லாம் இருந்தது. "நில்லுங்க!" என்று கத்தினேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினார். பாதத்தில் பாட்டில் துண்டு ஏறியிருந்தது. எந்தக் குடிகாரப் பயல் உடைத்து வயலில் வீசினானோ, அவன் கை விளங்காமல் போக. கண்ணாடித் துண்டின் மேல் நின்றுகொண்டுதான் அந்த மனுஷர் கண்ணை மூடிப் பதம் என்று சொல்லியிருக்கிறார்.

காலையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் செத்துவிட்டது.

"வலிக்கலையா?"

தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று.

"எப்பலேர்ந்து?"

"முந்தின தையிலயே சரியாத் தெரியல."

"அப்ப அந்த வருஷம் எப்படிச் சொன்னீங்க?"

"குத்துமதிப்பாத்தான் சொன்னேன். மழை இல்லாத வருஷம். தப்பிச்சுது."

துண்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு என் முந்தானையைக் கிழித்துக் கட்டினேன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. அப்போது அவர் மெதுவாகக் கேட்டார்.

"உன் காலுக்கு எப்படி இருந்துச்சு?"

கல்யாணமாகி வந்த நாளாக இந்தக் கேள்வியை என்னிடம் அவர் கேட்டதில்லை.

"சேறுங்க. வெறும் சேறு."

"ஓடு. அவன் தெளிச்சிடப் போறான், நிறுத்தச் சொல்லு."

"என்னன்னு சொல்லட்டும்?"

"என்னத்தையாவது சொல்லு. காலைப் பத்தி மட்டும் சொல்லிடாத."

ஓடினேன். இந்த வயசில், அந்த வழுக்கும் வரப்பில், எப்படி விழாமல் போனேன் என்று தெரியாது. தம்பி பாதி வயலை முடித்திருந்தார். "தம்பி, நிறுத்துங்க! இன்னும் ரெண்டு மூணு நாள் பொறுக்கச் சொல்றார்" என்றேன். "இப்பத்தானே அண்ணி பதம்னாரு?" என்றார். "மேகம் இறங்கி வருதாம், மழை வரும்ங்கிறார்" என்றேன். அவர் அண்ணாந்து பார்த்தார். வானம் அன்றைக்கு என் பொய்க்குச் சாதகமாகக் கறுத்துத்தான் கிடந்தது. வாளியைக் கீழே வைத்தார். விழுந்தது விழுந்துவிட்டது, அதைப் பொறுக்கவா முடியும்?

மழை வரவில்லை. மூன்று நாள் தினமும் நான் இறங்கி மிதித்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் தடம் பதிந்தது, தண்ணீர் ஊறவில்லை. எங்கள் வயலில் நானே தெளித்தேன். அந்தத் தம்பியும் மீதிப் பாதியைத் தெளித்தார். இவர் காலில் மஞ்சளை அப்பிக்கொண்டு, மேலே பூட்ஸைப் போட்டுக்கொண்டு வரப்பில் நின்றார், யாருக்கும் ஒன்றும் தெரியக் கூடாது என்று. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று தினமும் கத்தினேன், அழுதேன், சோறு போடமாட்டேன் என்றேன். "தெளிப்பு முடியட்டும், இப்பப் போனா எல்லாரும் கேப்பாங்க" என்றார். தெளிப்பு முடிந்து கட்டைப் பிரித்த அன்று வீடு முழுக்க நாற்றம். மாயவரத்தில் பார்த்துவிட்டுத் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு பாதத்தை. கடைசியில் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை.

அங்கே இருந்த நர்ஸ் ஒருநாள், துணைக்கு இருக்கிறவர்களும் கையை நீட்டுங்கள் என்று எல்லாருக்கும் ஊசியால் குத்திப் பார்த்தாள். எனக்கும் சர்க்கரை என்றாள். அப்போது இருந்த நிலையில் அது எனக்குப் பெரிதாகவே படவில்லை. மாத்திரைச் சீட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பங்குனியில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வயலோரமாகக் கார் வரும்போது நிறுத்தச் சொன்னார். எங்கள் வயலில் உளுந்து முழுக்கக் காய் பிடித்து நின்றது. பக்கத்து வயலில் கயிறு பிடித்த மாதிரி ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் பச்சை, இந்தப் பக்கம் வெறும் நெல்தாளும் வெடித்த மண்ணும். காரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தும் தலையைத் திருப்பவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அந்தத் தம்பி பார்க்க வந்தார். இவருடைய காலைப் பார்க்காமல் முகத்தையே பார்த்துப் பேசினார். "பாதி விதை சரியில்லண்ணே, கடைக்காரன் ஏமாத்திட்டான். விடுங்க" என்றார். ஒரே வாளி, ஒரே விதை. அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அவர் படி இறங்கினதும் இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். தஞ்சாவூரில் காலை எடுத்தபோதுகூட அந்த மனுஷர் அழவில்லை.

இதோ, இந்தத் தையும் வந்தது. வாசலில் யாரும் வரவில்லை. அவரவர் அவரவர் வயலை மிதித்துப் பார்த்துக்கொண்டார்கள். இவர் கட்டிலில் உட்கார்ந்து தெருவில் போகிற செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். சத்தம் வாசலில் நிற்கிற மாதிரி இருந்தால் நிமிர்வார், போய்விட்டால் மறுபடி குனிந்துகொள்வார். கடைசியில் பக்கத்து வயல் தம்பிதான் வந்தார். "அண்ணே, இந்த வருஷமும் நீங்க சொன்னாத்தான் தெளிப்பேன்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விட்டார். இப்படியும் ஒரு மனுஷன். அவருடைய அந்த நல்ல மனசுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

"நீ போய் அவன் வயல்ல மிதிச்சுட்டு வா" என்றார் இவர். "நடுவயலுக்குப் போ. காலைக் கழுவாம அப்படியே வா."

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். எனக்கும் அதே டாக்டர், அதே புத்திமதிதான். நடுவில் நின்று குதிகாலை அழுத்தினேன். வீட்டுக்குச் சேற்றுக் காலோடு வந்தேன். எதிரில் வந்தவர்கள் வாய்க்காலில் தண்ணீர் இல்லையா என்று கேலி செய்தார்கள். இவர் கட்டிலை விட்டு நகர்ந்து, முன்னால் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தட்டிக் காட்டினார். "காலைத் தூக்கி இதுல வை."

"ஐயய்யோ, என்னங்க இது? என் காலைப் போய் நீங்க..."

"சும்மா வை. மண்ணை நான் பாத்துக்கிறேன். அடியில எப்படி இருந்துச்சுன்னு நீ சொல்லு."

வைத்தேன். என் குதிகாலில் ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். ஒரு வருஷமாக நான் பார்க்காத முகம் அது. குதிகாலிலிருந்து நடுப்பாதம், அங்கிருந்து விரல்கள் என்று ஒவ்வொரு இடமாக அழுத்தி, "இங்க ஈரம் இருந்துச்சா? இங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். சுண்டுவிரலுக்கு வந்தார். ஐப்பசியிலிருந்தே அந்தப் பக்கம் எனக்கு ஒரு மாதிரி மதமதப்பாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

"இங்க அழுத்துறது தெரியுதா?" என்றார்.

குனிந்து பார்த்தேன். அவர் நகம் என் சுண்டுவிரலில் பதிந்திருந்தது. பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"தெரியுது" என்றேன்.

"அப்ப உன் காலை நம்பலாம், பதம்தான்" என்றார். "பக்கத்து வயல் தம்பிகிட்டப் போய்ச் சொல்லிடு, நாளைக்கே தெளிக்கட்டும்."